தென்கிழக்காசிய அமைச்சர் ஒருவரின் பணிவரலாற்றை எழுதுவது எப்படி?

ஜனவரி மாதத்தில் அயலகத் தமிழர் தினத்தை ஒட்டிச் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமைச்சர்கள், முன்னாள் அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எனப் பலர் சென்னைக்கு வருகிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தின் மேடைக்காகவும், அதன் முன்னும் பின்னும் தமிழ் அமைப்புகள் நடத்தும் சிறு கூட்டங்களுக்காகவும் அவர்களைப் பற்றி யாராவது ஒருவர் அறிமுகக் குறிப்பு எழுதியாக வேண்டியிருக்கிறது. விழா மலருக்கு இரண்டு பக்கம், வார இதழுக்கு ஒரு கட்டுரை, வரவேற்புரை ஆற்றுபவரின் கையில் ஒரு தாள் என்று அளவு மாறுமே தவிர வேலை ஒன்றுதான். அது பெரும்பாலும் கடைசி நேரத்தில், தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த ஒருவரின் தலையில்தான் வந்து விழுகிறது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகவும், சற்று அவகாசத்தோடு நீண்ட கட்டுரை எழுத முனைபவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி.

நம் ஊரில் இத்தகைய குறிப்புகளுக்கு ஒரு வார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. பூர்வீக ஊரில் தொடங்கி, படித்த பல்கலைக்கழகங்களைச் சொல்லி, வகித்த பதவிகளை அடுக்கி, தமிழினத்திற்கே பெருமை சேர்த்தவர் என்று முடித்துவிடுகிறோம். அதைப் படித்து முடித்தவருக்கு அந்த அமைச்சர் எந்த நாற்காலியில் அமர்ந்து என்ன செய்தார் என்பது மட்டும் தெரியாது. ஓர் அமைச்சரின் பணிவாழ்வு அவருடைய நாட்டு வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் பொருள் தரும். நம் பெருமிதத்திற்கு ஒரு வரி ஒதுக்கலாம். ஆனால் எந்தத் தகவலை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அதனிடம் கொடுத்துவிடக் கூடாது.

முதலில் அந்த நாட்டின் ஏணியை அறிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு அமைச்சரவையை மனத்தில் வைத்துக்கொண்டு தென்கிழக்காசிய அமைச்சர்களை அளந்தால் கணக்குத் தவறும். சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றுபவை என்பதால் நமக்கு ஓரளவு பழக்கமான வழி தெரியும். ஆனால் மலேசியாவில் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அமைச்சராகலாம், ஆகவே தேர்தலில் தோற்றவர் என்பதும் அமைச்சரானவர் என்பதும் ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை. இந்தோனேசியாவில் அதிபர் ஆட்சி முறை நிலவுவதால் அமைச்சர்களை அதிபரே நியமிக்கிறார். அவர்களுக்குத் தொகுதி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிலிப்பீன்சில் அமைச்சரின் பொறுப்பை வகிப்பவருக்குச் செயலாளர் என்றே பெயர், அவரை அரசுத் துறைச் செயலாளர் என்று நினைத்து எழுதிவிடக் கூடாது. வியட்நாமில் ஓர் அமைச்சரின் உண்மையான எடையை அறிய அவர் கட்சியின் அரசியல் குழுவில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். புருணையில் சுல்தானே பிரதமரும் ஆவார்.

சிங்கப்பூரின் பதவிப் படிநிலையில் சென்னையில் எழுதுபவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். அங்கே துணை அமைச்சர், மூத்த துணை அமைச்சர் ஆகியோர் முழு அமைச்சருக்குக் கீழே உள்ளவர்கள். மூத்த அமைச்சர் என்பதோ பிரதமருக்கு மிக அருகில் இருக்கும் தனிப் பதவி, 1985இல் எஸ். ராஜரத்தினம், 1990இல் பிரதமர் பதவியிலிருந்து விலகிய லீ குவான் இயூ, 2004இல் கோ சோக் டோங், 2009இல் எஸ். ஜெயக்குமார், 2019இல் தர்மன் சண்முகரத்னமும் டியோ சீ ஹியனும், 2024இல் லீ சியன் லூங் என்று மிகச் சிலரே அதை வகித்திருக்கிறார்கள். நீண்ட அனுபவம் உள்ள எந்த அமைச்சரையும் மூத்த அமைச்சர் என்று மரியாதைக்காக எழுதிவிடுவது நமக்கு இயல்பு. சிங்கப்பூர் வாசகர் அதைத் தகவல் பிழை என்றே கொள்வார்.

காலவரிசையைக் கையால் எழுதுங்கள்

அடுத்தது ஓர் அட்டவணை. இடப்பக்கம் பதவியும் அதன் தொடக்க, இறுதித் தேதிகளும். வலப்பக்கம் அதே மாதங்களில் அந்த நாட்டில் நடந்தவை. வலப்பக்கத்தை நிரப்பாமல் எழுத உட்காரவே கூடாது என்பது என் கருத்து. அது ஏன் என்பதை ராஜரத்தினத்தின் வாழ்வைக் கொண்டு சற்று விரிவாகவே பார்க்கலாம்.

அவர் 1915 பிப்ரவரி 25 அன்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். 1935இல் சட்டம் படிக்க லண்டன் சென்று, படிப்பை முடிக்காமல் எழுத்துக்கும் இதழியலுக்கும் திரும்பினார். ஹங்கேரியரான பிரோஸ்காவை அங்கே மணந்துகொண்டார். 1948இல் மலாயாவுக்குத் திரும்பிச் செய்தியாளராகப் பணியாற்றினார். 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இதற்குப் பிறகு நம் வழக்கமான குறிப்பு இப்படி ஓடும்: 1959 முதல் கலாச்சார அமைச்சர், 1965 முதல் 1980 வரை வெளியுறவு அமைச்சர், இடையே 1968 முதல் 1971 வரை தொழிலாளர் அமைச்சர், பின்னர் துணைப் பிரதமர், 1985 முதல் 1988 வரை மூத்த அமைச்சர். எல்லாத் தேதியும் சரி. ஆனாலும் இதில் ஒன்றும் இல்லை.

இப்போது வலப்பக்கத்தை நிரப்புங்கள். 1959 மே மாதத் தேர்தலில் 51 இடங்களில் 43ஐ வென்று அக்கட்சி ஆட்சிக்கு வந்தபோது சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி மட்டுமே பெற்றிருந்தது. பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் வசம் இருந்தன. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பிரிந்து கிடந்த ஒரு துறைமுக நகரத்து மக்களுக்கு, தாம் ஒரே மக்கள் என்ற எண்ணத்தை ஊட்ட வேண்டிய பொறுப்பு கலாச்சார அமைச்சிடம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று கொடியும் சின்னமும் நாட்டுப் பாடலும் மக்கள் முன் வைக்கப்பட்டன. 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. சென்னையில் கலாச்சாரத் துறை என்றதும் கலைவிழாக்களும் விருதுகளும் நினைவுக்கு வருவதால், அமைச்சரவையில் ஒதுக்குப்புறமான ஓர் இடம் என்று எண்ணிவிடுவோம். 1959ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில் அது அரசியலின் நடுமையத்தில் இருந்த அமைச்சு.

1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். ஆகவே வெளியுறவு அமைச்சு என்ற ஒன்றே அதற்கு முன் அங்கே இருந்ததில்லை. பிரிவினையை ராஜரத்தினம் விரும்பவில்லை. பிரிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவரும் டோ சின் சாயும் முதலில் மறுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. விரும்பாத பிரிவின் விளைவாகப் பிறந்த நாட்டுக்கே அவர் முதல் வெளியுறவு அமைச்சரானார். ஏறத்தாழ ஆறு வாரங்களில், செப்டம்பர் 21 அன்று, சிங்கப்பூர் ஐ.நா. சபையின் 117ஆவது உறுப்பு நாடானது. மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திவந்த மோதல் அப்போது இன்னும் ஓயவில்லை. அந்த இந்தோனேசியாவும், பிரிந்து வந்த மலேசியாவும், தாய்லாந்தும் பிலிப்பீன்சும் சிங்கப்பூரும் இரண்டே ஆண்டுகளில், 1967 ஆகஸ்ட் 8 அன்று, பாங்காக்கில் ஒரே பிரகடனத்தில் கையெழுத்திட்டு ஆசியான் அமைப்பைத் தொடங்கின. இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துவிட்டால் அந்த வெளியுறவு அமைச்சரின் வேலை எத்தகையது என்பதற்கு அடைமொழியே தேவைப்படாது.

தொழிலாளர் அமைச்சுப் பொறுப்பைப் பாருங்கள். பட்டியலில் அது இடைச்செருகல் போலத் தெரிகிறது. ஆனால் 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைச் சூயஸுக்குக் கிழக்கிலிருந்து 1971 முடிவுக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்திருந்தது. படைத்தளங்களைச் சார்ந்த வருமானம் அன்றைய சிங்கப்பூரின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தளங்களில் வேலை பார்த்த பல்லாயிரம் பேருக்கு மாற்று வேலை வேண்டும். அந்த வேலையைத் தரும் அந்நிய முதலீடு வர வேண்டும். அதற்காகத் தொழிற்சங்கங்களின் உரிமைகளைக் குறுக்கும் சட்டங்கள் 1968லேயே நிறைவேறின. ஒரு காலத்தில் இடதுசாரிச் சிந்தனையோடு எழுதியவர், தொழிலாளர் அமைச்சராக அந்தச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதைச் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்பளிக்க வேண்டியதில்லை, ஆனால் எழுதாமல் விடக் கூடாது. அவருடைய பணிவாழ்வின் மிகக் கடினமான நாற்காலி அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாருடைய பிரதிநிதியாக அமைச்சரானார்?

தமிழ் வம்சாவளி அமைச்சர்களை எழுதும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. நம் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். ராஜரத்தினம் தமிழர்களின் பிரதிநிதியாக அமைச்சரவையில் இடம்பெறவில்லை. அவருடைய அரசியல் கொள்கையே இன அடையாளத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. 1966இல் சிங்கப்பூர்த் தேசிய உறுதிமொழியை வரைந்தவர் அவர். இனம், மொழி, சமயம் என்ற வேற்றுமைகளைக் கடந்து ஒன்றுபட்ட மக்கள் என்பதே அதன் சாரம். அவருக்குத் தமிழினக் காவலர் என்று பட்டம் சூட்டினால், புகழ்வதாக நினைத்து அவருடைய வாழ்நாள் நிலைப்பாட்டையே மறுத்தவர்களாவோம்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவில் கதை வேறு. துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்; சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியக் காங்கிரஸின், அதாவது ம.இ.கா.வின், தலைவராக இருந்தார். மலாய், சீன, இந்தியச் சமூகங்களின் கட்சிகள் மூன்றும் சேர்ந்த கூட்டணியே ஆட்சி நடத்தியதால், இந்தியர் கட்சியின் தலைவர் என்ற முறையில் அவருக்கு அமைச்சரவையில் இடம் வந்தது. தொழிலாளர், சுகாதாரம், பணிகள் மற்றும் அஞ்சல் தொலைத்தொடர்பு, பின்னர் தேசிய ஒற்றுமை என்று அவர் துறைகள் மாறின. இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், இருவரும் தமிழர். ஆனால் ஒருவர் தம் சமூகத்தின் பெயரால் அமைச்சரானவர், மற்றவர் அப்படி ஆகக் கூடாது என்று வாதிட்டவர். இருவரையும் ஒரே வார்ப்பில் ஊற்றினால் இரண்டு நாடுகளுமே வாசகருக்குப் புரியாமல் போகும்.

சம்பந்தனைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலேசியத் தமிழர்கள் அவரை இன்றும் நினைப்பது அவர் வகித்த அமைச்சுகளுக்காக அல்ல. விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் 1960இல் தொடங்கினார். அது அமைச்சு ஆணையால் பிறந்ததன்று, கட்சித் தலைவராக எடுத்த முயற்சி. பதவிப் பட்டியலை மட்டும் நம்பி எழுதுபவரின் கையில் இது அகப்படவே அகப்படாது.

சாதனை நடந்த நாளில் நாற்காலியில் இருந்தவர் யார்?

ஒவ்வொரு சாதனையையும் காலவரிசையோடு பொருத்திப் பாருங்கள். ச. சாமிவேலு என்றதும் மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைச் சொல்வது வழக்கம். அவர் 1979 முதல் 1989 வரையிலும், பின்னர் 1995 முதல் 2008 வரையிலும் பொதுப்பணித் துறையைக் கவனித்தவர். நெடுஞ்சாலை முழுமையடைந்து திறக்கப்பட்டது 1994 செப்டம்பரில். அந்த நாளில் அவர் எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறை அமைச்சர். பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் சரவாக்கைச் சேர்ந்த லியோ மோகி. ஆகவே நெடுஞ்சாலையைக் கட்டி முடித்த அமைச்சர் என்று எழுதினால் தவறு. பணிகள் தொடங்கிய காலத்திலும், 1988இல் அது தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று எழுதினால் சரி. நுணுக்கம் பார்க்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து வந்து உங்கள் எதிரே அமர்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

கூட்டாகச் செய்தவற்றை ஒருவர் பெயரில் எழுதுவது இன்னொரு வழுக்கல். ராஜரத்தினம் ஆசியானை நிறுவியவர் அல்லர். பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். தாய்லாந்தின் தனாட் கோமன், இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், பிலிப்பீன்சின் நார்சிசோ ராமோஸ் ஆகியோரோடு மலேசியாவிலிருந்து துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் கையெழுத்திட்டார். தேசிய உறுதிமொழிகூட, கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கேட்டுக்கொண்டதன் பேரில் ராஜரத்தினம் வரைந்து, பிரதமர் லீ குவான் இயூ திருத்தி, அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ஒன்று. வரைந்தவர் என்ற சொல் அவருக்கு உரியது, அதற்கு மேல் வேண்டாம்.

முதல் என்ற சொல்லையும் சந்தேகத்தோடு அணுகுங்கள். 2023இல் தர்மன் சண்முகரத்னம் அதிபரானபோது, சிங்கப்பூரின் முதல் தமிழ் அதிபர் என்று நம் ஊரில் பேசியவர்கள் உண்டு. எஸ். ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை, முழுதாகப் பன்னிரண்டு ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார் என்பது அவர்களுக்கு நினைவில்லை. அதைப் பதவி உயர்வு என்று எழுதுவதும் பொருந்தாது. நிர்வாகம் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கிறது. அதிபர் கட்சி சாராதவராக, நாட்டின் சேமிப்பு நிதியின் காவலராக இருக்க வேண்டும். அதற்காகவே தர்மன் 2023 ஜூலையில் மூத்த அமைச்சர் பதவியையும் கட்சியையும் விட்டு விலகி, செப்டம்பர் 1 அன்று நடந்த தேர்தலில் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஏணியின் அடுத்த படி என்று சொல்வதைவிட வேறோர் ஏணிக்கு மாறினார் என்பது உண்மைக்கு நெருக்கமானது.

சென்னையில் இருந்துகொண்டே எங்கே தேடுவது?

அமைச்சரின் அலுவலகமோ தூதரகமோ அனுப்பும் வாழ்க்கைக் குறிப்பு நல்ல தொடக்கம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்னையிலேயே துணைத் தூதரகங்கள் இருப்பதால் கேட்டுப் பெறுவதும் எளிது. அதில் தேதிகள் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் எதைச் சொல்வது என்ற தேர்வு அவர்களுடையது. ஆகவே அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

நாடாளுமன்ற விவாதப் பதிவுகளே முதன்மையான சான்று. சிங்கப்பூரின் பதிவுகள் 1955 முதல் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. மலேசிய நாடாளுமன்றத்தின் பதிவுகளும் 1959 முதல் அதன் தளத்தில் உள்ளன, ஆனால் பிற்காலத்தவை மலாய் மொழியில் இருப்பதால் அம்மொழி அறிந்த ஒருவரின் துணை வேண்டும். அமைச்சரின் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் வெள்ளமாக வரும். அவர் முன்மொழிந்த ஒரு மசோதாவைத் தேர்ந்து, அதன் இரண்டாம் வாசிப்பின்போது அவர் ஆற்றிய உரையையும், அதற்கு எதிராகப் பேசியவர்களின் உரையையும் படியுங்கள். ஒரு மாலை நேரத்தில் கிடைக்கும் தெளிவு, பத்துப் பாராட்டுக் கட்டுரைகளில் கிடைக்காது.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. சில பக்கங்களை அங்குள்ள நூலகக் கட்டடத்திலிருந்து மட்டுமே பார்க்க முடியும், அதற்காக மனம் தளர வேண்டாம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அமைச்சர்களின் உரைகளும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன. உரையை ஒரு நாள் கழித்து வந்த செய்தியிலிருந்து எடுப்பதைவிட, அலுவலகம் வெளியிட்ட உரைநகலிலிருந்து எடுப்பது பாதுகாப்பானது.

சென்னை நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பொதுவான வாசிப்புக்கு உதவும். தென்கிழக்காசிய வரலாறு தெரியாமல் பணிவரலாறு எழுத முடியாது என்பதால் அங்கே முதலில் நாட்டு வரலாற்று நூல் ஒன்றை எடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு, 1968இல் சென்னையில் நடந்த இரண்டாவது மாநாடு ஆகியவற்றின் வழியே மலேசிய அரசியலுக்கும் நம் ஊருக்கும் ஏற்பட்ட தொடர்பைத் தேடுபவர்கள் அங்கே போகலாம். எங்கே போவதானாலும் நூற்பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

சங்கடமான தகவல்களை என்ன செய்வது?

விழாக் குறிப்பில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வரவேற்புரையில் பழைய வழக்கைக் கிளறுவது விருந்தோம்பல் ஆகாது. ஆனால் கட்டுரை என்று வந்துவிட்டால், பொதுவெளியில் நிலைபெற்ற ஒரு தகவலை மறைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

மறைக்காமல் எழுதும்போது நீதிமன்றத்தின் சொற்களைத் தாண்டாதீர்கள். தர்மன் அரசியலுக்கு வருவதற்கு முன், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பொருளியல் பிரிவில் இருந்தபோது, பொருளாதார வளர்ச்சி மதிப்பீடு அதிகாரபூர்வமாக வெளியாகும் முன்பே ஒரு நாளிதழில் வந்தது தொடர்பாக, அரசு இரகசியச் சட்டத்தின் கீழ் 1994இல் அவருக்கு 1,500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இரகசியத்தை விற்றார் என்ற தொனி வந்தால் பொய்யாகிவிடும். குற்றம் கவனக்குறைவு பற்றியது. ஏழு ஆண்டுகள் கழித்து அவர் அதே ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை வகித்துவிட்டுத்தான் அரசியலுக்கு வந்தார் என்பதையும் சேர்த்து எழுதினால், அந்த நிகழ்வு அவர் வாழ்வில் எவ்வளவு இடம் பெற வேண்டுமோ அவ்வளவு இடத்தில் தானாக அமர்ந்துவிடும்.

சிங்கப்பூரின் போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரனின் வழக்கில் இன்னும் கவனம் தேவை. 2023 ஜூலையில் கைது, 2024 ஜனவரியில் குற்றச்சாட்டும் பதவி விலகலும், அவ்வாண்டு செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளல், அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறைத்தண்டனை என்று வரிசை போகிறது. ஆனால் முதலில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்த இரு குற்றச்சாட்டுகள், பின்னர் பொதுப்பணியாளர் விலைமதிப்புள்ள பொருள்களைப் பெறுவது தொடர்பான தண்டனைச் சட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. அந்தப் பிரிவின் கீழும், நீதிக்கு இடையூறு செய்த ஒரு குற்றத்திற்காகவும்தான் அவர் தண்டனை பெற்றார். ஊழல் வழக்கில் சிறை என்று தலைப்பிடுவது எளிது. சட்டப்படி அது சரியில்லை.

தோல்வியும் சொல்லத் தக்க தகவலே. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த சாமிவேலு 2008இல் அங்கே மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். 2007 நவம்பரில் கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமைகளுக்காக இண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணியைச் சொல்லாமல் அந்தத் தோல்வியைச் சொன்னால், வாசகர் அதை ஏதோ தனிமனித வீழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்.

எழுத உட்காரும்போது

பிறப்பில் தொடங்காதீர்கள். அட்டவணையில் இருபக்கமும் ஒருசேர அழுத்தமாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கிருந்து தொடங்குங்கள். ராஜரத்தினத்துக்கு நான் இப்படித் தொடங்குவேன்: ‘1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானபோது அதற்கு வெளியுறவு அமைச்சு என்று ஒன்று இருந்ததில்லை. அதை உருவாக்கும் பொறுப்பு, ஆறு ஆண்டுகள் கலாச்சார அமைச்சராகவும் அதற்கு முன் பத்திரிகையாளராகவும் இருந்த ஒருவரிடம் வந்தது. அந்தப் பிரிவினையை அவர் விரும்பியிருக்கவில்லை.’ பிறந்த ஊரும் படிப்பும் இதற்குப் பிறகு வரலாம். பூர்வீகத்தைச் சொல்லும்போது, யாழ்ப்பாணத்து வேர் கொண்டவரைத் தமிழ்நாட்டவர் ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தர்மனின் முன்னோரும் யாழ்ப்பாணத்தவரே.

பெயர்களை அந்தந்த நாட்டுத் தமிழ் ஏடுகள் எழுதும் வடிவிலேயே எழுதுங்கள். தர்மன் என்பது அவர் பெயர், சண்முகரத்னம் என்பது தந்தையின் பெயர். ஆகவே இரண்டாம் முறை சொல்லும்போது தர்மன் என்றே சொல்ல வேண்டும். மலாய்ப் பெயர்களிலும் அப்படித்தான், ‘பின்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு அடுத்து வருவது தந்தையின் பெயர். டத்தோ, டான் ஸ்ரீ, துன் ஆகியவை அரசு வழங்கும் விருதுப் பட்டங்கள், ஒன்றுக்கொன்று தரத்தில் வேறுபட்டவை. எழுதும் நாளில் அவர் வைத்திருக்கும் பட்டம் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாண்புமிகு என்பதைப் பதவியில் இருப்பவருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

நீளத்தைப் பதவிகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டாம். இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுங்கள். மற்றவற்றுக்கு ஒரு வாக்கியம் போதும். ராஜரத்தினத்தின் மூத்த அமைச்சர் காலத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதத் தோன்றாதது எனக்கு உறுத்தவில்லை. வியட்நாம் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தபின் 1979இல் அவர் அனைத்துலக மேடைகளில் நடத்திய வாதப்போருக்கு மட்டும் ஒரு பக்கம் வேண்டும்.

மேடையில் படிப்பதற்கான தாள் என்றால், அதை முன்னதாகவே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சீன, மலாய்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று துணைத் தூதரகத்தில் கேட்டு, வரவேற்புரை ஆற்றுபவருக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அமைச்சரவை மாற்றங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், பதவிகள் எந்த நாள் நிலவரப்படி எழுதப்பட்டன என்று தாளின் அடியில் தேதியிட்டு, அச்சுக்குப் போகும் நாளன்று அமைச்சின் இணையதளத்தில் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.